கடுகு வெடிக்காத வீடு

சசிரேகா மாட்டுக்கொட்டகையில் நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

வைக்கோல் போருக்கும் தவிட்டு மூட்டைக்கும் நடுவே இரண்டு பேர் ஒண்டி நிற்கிற இடம். பழைய சோறு, பாக்கெட் ஊறுகாய். எதிரே மகள் திவ்யா, கேரியர் மூடியில் சோற்றைப் போட்டுக்கொண்டு, பசுமாட்டின் முகத்தைப் பார்த்தபடியே மென்றாள்.

"திருடிக்கினு வந்து துன்றா மாதிரி கீதும்மா," என்றாள் திவ்யா. "இந்த மாடுகூட ஒரு மாதிரியா பாக்குது."

"மெதுவா பேசு. உங்க நைனா காதுல வுழும்."

"பேசறது வுழுந்தா வுழுந்துட்டுப் போட்டும். துன்றதுதானே தெரியக்கூடாது?"

சசிரேகா கடைசி வாயை வேகமாக விழுங்கிவிட்டுத் தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவினாள். முந்தானையால் வாயை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். ஊறுகாய் வாசனை போகவேண்டும்.

திருப்புலிவனத்தில் அவள் கணவன் புருஷோத்தமன் வீடு இப்படி இருந்த வீடில்லை. நடவுக்கு வந்தவர்கள், உரம் இறக்க வந்தவர், பால்காரர் என்று யாராவது ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் அவர் தட்டில் கை வைப்பார். அந்த மனுஷன்தான் மாசி மாதம் வரப்பில் சரிந்து விழுந்தார். மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டது என்றார்கள். உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்தபோது இடது கையும் காலும் ஓய்ந்திருந்தன, பேச்சு குழறியது, மூக்கில் ஒரு டியூப் தொங்கியது. பாலும் கஞ்சித் தண்ணீரும் வடிகட்டிய பருப்புத் தண்ணீரும் அதன் வழியாகத்தான் உள்ளே போயின.

அன்றைக்கே சசிரேகா ஒரு முடிவு எடுத்தாள். விழுங்க முடியாதவர் எதிரே யாரும் சாப்பிடக் கூடாது. வாசனை வருகிற எதையும் அந்த வீட்டு அடுப்பில் ஏற்றக் கூடாது. அடுத்த தெருவில் இருக்கிற கொழுந்தன் மோகன்குமார் வீட்டிலிருந்து, அவன் மனைவி தமிழ்ச்செல்வி சமைத்துக் கேரியரில் கொடுத்து அனுப்புவாள். அது பின்வாசல் வழியாகக் கொட்டகைக்கு வரும்.

போன வாரம் புருஷோத்தமனுக்குக் காய்ச்சல் கண்டு, நெஞ்சில் சளி கட்டி, மறுபடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் வந்தார்கள். மூக்கு டியூபை இப்படியே நாள் கணக்கில் வைத்திருக்க முடியாது, வயிற்றில் சின்னதாக ஒரு துளை போட்டு அதில் டியூப் வைத்துவிடலாம், திங்கட்கிழமை வாருங்கள் என்றார் டாக்டர். மோகன்குமார் ஆஸ்பத்திரி வாசலிலேயே சண்டைக்கு நின்றான். "வயித்துல ஓட்ட போட்டுட்டா எங்கண்ணன் இனிமே வாயில துன்னவே மாட்டாரு அண்ணி. நான் வுடமாட்டேன்."

டாக்டர் சொல்கிறபடி செய்யலாம் என்ற அம்மாவுக்கும் கூடாது என்ற சித்தப்பாவுக்கும் நடுவே திவ்யாதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். காலேஜ் சிநேகிதி ஒருத்தி சொல்லி, காஞ்சிபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்பீச் தெரபிஸ்டாக இருக்கும் ஷீபாவைப் போனில் பிடித்தாள்.

"பேச்சுக்குப் பாக்கறவங்களா? அவுருக்குத்தான் பேச்சு கொஞ்சம் வருதே," என்று சசிரேகா கேட்டதற்கு, "முழுங்கறதையும் அவங்கதாம்மா பாப்பாங்க," என்றாள் மகள்.

அந்த ஷீபா இன்று வருகிறாள்.

உள்ளே மோகன்குமார் அண்ணனுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தான். நெல் அறுவடை மிஷின் ஓட்டுகிற முரட்டுக் கை. ஆனால் டியூப் ஒட்டியிருக்கும் பிளாஸ்திரிக்குப் பக்கத்தில் வரும்போது மட்டும் அந்தக் கை குழந்தையின் நகத்தை வெட்டுவதுபோல மெதுவாகப் போனது.

"மேடம் வராங்கண்ணா. மாப்ள மாதிரி இருக்க வேணாமா?"

புருஷோத்தமனின் வாய் வலது பக்கம் மட்டும் சிரித்தது.

ஷீபா காஞ்சிபுரம் பக்கத்து ராஜகுளத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றியதும் முதலில் சோப்பு கேட்டுக் கை கழுவினாள். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டு ஆட்களை விட்டுவிட்டு நேராக அவரிடமே பேசினாள்.

"ஐயா, என் பேரு ஷீபா. நீங்க முழுங்கறது எங்க தடுமாறுதுன்னு பாக்க வந்திருக்கேன். பாக்கலாமா?"

புருஷோத்தமன் தலையசைத்தார்.

அவரை நாற்காலிக்கு மாற்றி நேராக உட்காரவைத்து, சாய்கிற இடது பக்கத்துக்கு ஒரு தலையணை கொடுத்தார்கள். நாக்கை நீட்டச் சொன்னாள். நாக்கு இடது பக்கமாகக் கோணிக்கொண்டு வந்தது. கன்னத்தை உப்பச் சொன்னாள். இடது உதட்டோரத்தில் காற்று ஒழுகியது. இருமச் சொன்னபோது, தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சின்னச் சத்தம்தான் வந்தது. டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தவள், ஈரத் துணியை விரலில் சுற்றி நாக்கில் படிந்திருந்த வெள்ளையை வழித்தெடுத்தாள்.

"வாயில சாப்பிடலன்னாலும் தெனம் வாயைச் சுத்தம் பண்ணணும்கா. இந்த அழுக்கு எச்சிலோட நெஞ்சுக்குள்ள எறங்கினா அதுவே காய்ச்சலைக் கொண்டாந்துடும்."

அது சசிரேகாவுக்கு யாரும் சொல்லாத விஷயம். "நாளையிலருந்து செய்றேம்மா," என்றாள்.

"வாய் வழியா இதுவரைக்கும் ஏதாவது குடுத்தீங்களா?"

"ஒரு சொட்டு இல்லம்மா. நான் குடுப்பேனா?"

ஷீபா அவர் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினாள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் எண்கள் அதில் எரிந்தன. தன் நான்கு விரல்களை அவர் தொண்டையின் மீது மெல்ல வைத்துக்கொண்டு, சின்ன ஸ்பூனில் தண்ணீரைக் கொடுத்தாள்.

தொண்டை ஒருமுறை தயங்கியது. பிறகு மேலே ஏறி இறங்கியது.

மோகன்குமார் முகமெல்லாம் மலர்ந்தான். "பாத்தியா அண்ணி. புரையே ஏறல. நான்தான் சொன்னேனே, எங்கண்ணனுக்கு ஒண்ணும் இல்ல."

ஷீபா கையை எடுக்கவில்லை. "ஐயா, ஆ சொல்லுங்க."

"ஆ..."

அந்தச் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோலக் களகளவென்று வந்தது. விரல் கிளிப்பில் எண் இறங்கியது. ஷீபா அவரை முன்பக்கமாகச் சாய்த்து, முதுகில் கை வைத்து, வேண்டுமென்றே பலமாக இருமவைத்தாள். குரல் தெளிகிறவரை விடவில்லை.

"நமக்கெல்லாம் தண்ணி வழி மாறி மூச்சுக்குழாய்ப் பக்கம் போனா உடனே புரை ஏறும். அதுதான் காவல்," என்றாள் ஷீபா. "ஐயாவுக்கு அந்த உணர்ச்சி கொறஞ்சுபோச்சு. தண்ணி நுரையீரலுக்குள்ள போனாலும் இருமல் வராது. வெளியில பாக்கறவங்களுக்கு நல்லா முழுங்கறா மாதிரிதான் தெரியும்."

மோகன்குமாரின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"போன வாரம் காய்ச்சல் வந்துச்சுன்னு சொன்னாங்க. அதுக்கு முன்னாடி யாராச்சும் ஏதாவது குடிக்கக் குடுத்தீங்களா? தப்பு கண்டுபிடிக்கக் கேக்கல. எனக்குத் தெரியணும்."

சசிரேகா இல்லையென்று சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் நாற்காலியிலிருந்து குழறலாக ஒரு சொல் வந்தது.

"டீ."

எல்லோரும் திரும்பினார்கள்.

"நாந்தான்... கேட்டேன். அவன்மேல... தப்பு இல்ல."

காலையில் சசிரேகா பால் கறக்கப் போகிற நேரம். 'நீ மாட்டைப் பாரு அண்ணி, நான் அண்ணனைப் பாத்துக்கறேன்' என்று மோகன்குமார் தினமும் வந்து உட்காருகிற நேரம். பஸ் ஸ்டாண்டு கடை டீயை பிளாஸ்கில் வாங்கி வந்து மூடியில் ஊற்றி, அண்ணன் கண்ணால் கேட்கக் கேட்கக் கொடுத்திருக்கிறான்.

"இருமலே வரலைங்க மேடம்," என்றான் மோகன்குமார். "ஒரு நாளுகூட வரல. அதனாலதான்..."

கணவனுக்குக் காய்ச்சல் கண்ட ராத்திரி சசிரேகாவின் ஞாபகத்துக்கு வந்தது. அவர் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. இவன்தான் அவரைத் தோளில் போட்டுக்கொண்டு காருக்கு ஓடினான். காரில் உட்கார்ந்து இவன்தான் அவளைவிட அதிகமாக அழுதான்.

"அன்னிக்கி டாக்டரு, வாயில ஏதாச்சும் குடுத்தீங்களான்னு கேட்டப்போகூட என் பக்கத்துலதானே நின்னுக்கினு இருந்த?" என்றாள்.

அவன் செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கிப் போனான்.

திவ்யா பின்னால் ஓடப் பார்த்தாள். ஷீபா தடுத்தாள். "அப்புறம் கூப்பிட்டுக்கலாம். இப்ப ஐயாவோட வேலை பாதியில நிக்குது. தண்ணி ஆகாதுன்னு தெரிஞ்சுபோச்சு. கெட்டியா இருந்தா எறங்குதான்னு பாக்கணும். தண்ணி சட்டுன்னு ஓடிடும், தொண்டை மூடறதுக்குள்ள வழி மாறிடும். கொழகொழன்னு இருக்கறது நிதானமா எறங்கும். வீட்ல இன்னாக்கா இருக்கு?"

"கஞ்சி வச்சித் தரட்டா?"

"அவருக்கு இன்னா புடிக்கும்னு கேக்கலாமே."

சசிரேகா கணவனைப் பார்த்தாள். அவர் வார்த்தைகளைத் திரட்டிக்கொண்டிருந்தார்.

"தாளிச்சி," என்றார். "தாளிச்சிக் குடு."

"இன்னாங்க?"

"எதுக்கு ரேகா... இந்த வூட்ல தாளிக்கவே மாட்டேன்றீங்க?" ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, உடைந்து உடைந்து வந்தது. "சாவு வூட்லதான் அப்படி. நான் படுத்துக்கினு... கடுகு சத்தம் வருமா வருமான்னு பாக்கறேன். வரல. இவங்க நம்மள முடிச்சிட்டாங்க போலன்னு... நெனச்சேன்."

சசிரேகாவின் கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது.

"இல்லீங்க. உங்களுக்கு ஆசையா இருக்குமேன்னுதான்..."

"எல்லாம் மாட்டுக் கொட்டாயில... துன்றீங்க. எனக்குத் தெரியும். எதிர்ல ஒக்காந்து துன்னுங்க. நான் பாக்கறேன்."

திவ்யா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அத்தனை நாளாகத் தான் செய்தது அன்பு என்றுதான் சசிரேகா நினைத்திருந்தாள். அன்புதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் யாருக்காகச் செய்தாளோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. பேச்சு குழறுகிறது, கேட்டால் சிரமப்படுவார் என்று, படுக்கையை மாற்றுவதிலிருந்து வயிற்றில் டியூப் வைப்பதுவரை அவரைச் சுற்றி நின்று இவர்களே பேசி முடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் அடுப்பங்கரைக்குப் போனாள். துவரம்பருப்பைக் குக்கரில் குழைய வேகவைத்தாள். மத்தால் கடைந்து, சல்லடையில் தேய்த்து, திப்பியில்லாமல் எடுத்தாள். வாணலியில் நெய் காய்ந்ததும் கடுகைப் போட்டாள். அது படபடவென்று வெடித்தது. பூண்டும் காய்ந்த மிளகாயும் விழுந்தன. வாசனை கூடத்துக்குப் போயிற்று. "வருதா நைனா?" என்று திவ்யா கேட்டதும், அவர் மூக்கை உறிஞ்சிய சத்தமும் அடுப்பங்கரைவரை கேட்டன.

"வாயில எச்சி ஊறுது பாருங்க," என்றாள் ஷீபா சந்தோஷமாக. "ஊறட்டும். அதை முழுங்கறதே நல்ல பயிற்சி."

தாளிப்பில் கடுகையும் பூண்டையும் மிளகாயையும் வடித்துவிட்டு நெய்யை மட்டும் பருப்பில் கலந்து எடுத்து வந்தாள். ஷீபா ஸ்பூனில் எடுத்துச் சரித்துப் பார்த்தாள். ஓடாமல், ஒட்டிக்கொள்ளாமல், ஒரே கட்டியாக வழுக்கி விழுந்தது. "இதான்கா பதம். இதைவிடத் தண்ணியாவும் வேணாம், கெட்டியாவும் வேணாம்."

பிறகு அவரிடம் சொன்னாள். "ஐயா, மோவாயை நெஞ்சுப் பக்கம் எறக்குங்க. மொகத்தை இடது பக்கம் திருப்புங்க. இடது பக்கம் தொண்டை சோர்ந்துபோயிருக்கு, அந்தப் பக்கம் திருப்பினா அது மூடிக்கும். நல்ல பக்கமா சாப்பாடு எறங்கும். எறங்கினப்புறம் வெறும் வாயில இன்னொரு தடவை முழுங்குங்க."

முதலில் அரை ஸ்பூன்தான் கொடுத்தாள். அவர் உதட்டை மூடினார். தாடை அசைந்தது. ஷீபாவின் விரல்களுக்கடியில் தொண்டை ஏறி இறங்கியது. மறுபடியும் ஏறி இறங்கியது.

"ஆ சொல்லுங்க."

"ஆ."

களகளப்பு இல்லை. வறண்ட, சாதாரணமான, புருஷோத்தமனின் குரல். கிளிப்பில் எண் அசையவில்லை.

இன்னொரு ஸ்பூன். இன்னொன்று. இடது கன்னத்துக்குள் கொஞ்சம் தங்கியதை ஷீபா விரலால் எடுத்துக் காட்டினாள். இப்படித் தங்குவதை ஒவ்வொரு முறையும் பார்க்கவேண்டும் என்றாள்.

"எப்படிங்க கீது?" என்று சசிரேகா குனிந்து கேட்டாள்.

அவர் யோசித்தார். "உப்பு... கம்மி."

சசிரேகா சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். அது எப்போது அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் வலது கையை நீட்டி அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார்.

ஷீபா தன் சாமான்களைத் துடைத்து வைத்தபடி நிதானமாகப் பேசினாள். மூக்கு டியூபை இப்போது எடுக்கக் கூடாது. வயிறு நிறைய வேண்டியது அதில்தான் போகவேண்டும், வாயில் தினமும் சில ஸ்பூன்தான். சாப்பிட்டவுடன் படுக்கவைக்கக் கூடாது. தண்ணீர், டீ, மோர் எதுவும் வாயில் கூடாது. நம்பிக்கை வருகிற மாதிரி இருக்கிறது, ஆனால் வெளியிலிருந்து தொட்டுப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. சென்னையில், விழுங்கும்போதே எக்ஸ்ரேயில் வீடியோ எடுத்துப் பார்க்கிற பரிசோதனை இருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் வயிற்று டியூபைப் பற்றி முடிவெடுப்பது நல்லது.

"டாக்டர்கிட்ட நானே பேசறேன். ஆனா அவர் வேண்டாம்னு சொல்ற எதையும் என் பேச்சை வச்சி செய்யாதீங்க," என்றாள். "இன்னொண்ணு. ஊட்டறதுக்குப் பொறுமை வேணும். ஒரே ஆள் முழுசா கத்துக்கிட்டா நல்லது. யாருக்கா, நீங்களா?"

"மோகன்," என்றார் புருஷோத்தமன்.

சசிரேகா நிமிர்ந்தாள். "அவனா?"

"அவன்தான்."

சசிரேகா ஷீபாவைப் பார்த்தாள். ஷீபா கடிகாரத்தைப் பார்த்தாள். "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கேன்கா. இட்டுகினு வாங்க."

அவன் வீட்டுக்கு வரவில்லை என்றாள் தமிழ்ச்செல்வி. சசிரேகா களத்துமேட்டுக்கு நடந்தாள். சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அறுவடை மிஷினின் நிழலில், வெறுங்காலோடு, முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் மோகன்குமார்.

"நெல்லூர் பக்கம் மிஷினுக்கு ஓட்டம் கீதாம் அண்ணி," என்றான் தலைதூக்காமல். "போலாம்னு கீறேன். கொஞ்ச நாளைக்கி உங்க கண்ணுல படாம இருக்கறதுதான் நல்லது."

"உங்கண்ணன் உன்னைத்தான் கேக்கறாரு. ஊட்டறதுக்கு."

"என்னால ஆகாது. இந்தக் கையாலதானே ஊத்துனேன்."

சசிரேகா அவனுக்குப் பக்கத்தில், நிழலில் உட்கார்ந்தாள். பதினெட்டு வயதில் அவள் இந்த ஊருக்கு வாழ வந்தபோது இவன் டவுசர் போட்டுக்கொண்டிருந்தான். மூக்கைச் சிந்திவிட்டிருக்கிறாள்.

"எனக்குக் கோவம் கீது மோகன்," என்றாள். "இன்னிக்கி போவாது. நாளைக்கும் போவாது. ஆனா நீ ஆசையில செஞ்ச. நானும் ஆசையிலதான் அந்த வூட்டைச் சாவு வூடு மாதிரி வச்சிருந்தேன். ரெண்டு பேருமே அவுரைச் சரியா கேக்கல. இப்ப அவுரு கேக்கறாரு. ஏந்திரு."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

ஷீபா அவனை எதுவும் கேட்கவில்லை. அவன் விரல்களைப் பிடித்து அண்ணனின் தொண்டைமேல் வைத்து, எங்கே ஏறுகிறது, எங்கே நிற்கிறது என்று காட்டினாள். அவன் வியர்த்து ஒழுகினான். ஸ்பூன் நடுங்கிற்று. புருஷோத்தமன் தம்பியின் மணிக்கட்டைத் தன் நல்ல கையால் பிடித்து, ஸ்பூனைத் தானே வாய்க்குக் கொண்டுபோனார்.

பக்கத்தில் பாய் விரித்து, பருப்பும் சோறும் பிசைந்து, திவ்யா அப்பா எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் சசிரேகாவின் போன் அடித்தது. ஆஸ்பத்திரி நம்பர். கூடத்தின் ஓரத்துக்குப் போய் எடுத்தாள்.

"புருஷோத்தமன் வீடுங்களா? திங்கட்கிழமை டாக்டர் ஊர்ல இல்ல. டியூப் வைக்கிறது நாளைக்குக் காலையிலேயே. விடியறதுக்குள்ள அட்மிட் ஆயிடணும். இத விட்டா அடுத்து எப்போன்னு இப்ப சொல்ல முடியாது. வர்றீங்களா இல்லையா, இப்பவே சொல்லிடுங்க."

சசிரேகா ஷீபாவைப் பார்த்தாள். மோகன்குமாரைப் பார்த்தாள். சென்னைப் பரிசோதனைக்கு இன்னும் நாள்கூட வாங்கவில்லை. இன்னொரு காய்ச்சலை அந்த உடம்பு தாங்குமா என்றும் தெரியாது. போன வாரமாக இருந்தால் 'வந்துடறோம் சார்' என்று சொல்லி வைத்திருப்பாள்.

"அவுரையே கேட்டுச் சொல்றேங்க," என்றாள்.

"சீக்கிரம் கேளுங்கம்மா. லைன்லதான் இருக்கேன்."

அவள் போனோடு நாற்காலிப் பக்கம் வந்தாள். புருஷோத்தமன் அவள் முகத்தைப் பார்த்தார். ஏதோ முக்கியம் என்று புரிந்துகொண்டார். ஆனால் மோவாய் நெஞ்சில் இறங்கியிருந்தது, முகம் இடது பக்கம் திரும்பியிருந்தது, தொண்டைமேல் தம்பியின் விரல்கள் இருந்தன.

"என்னம்மா ஆச்சு?" என்றது போன்.

"கொஞ்சம் இருங்க சார்," என்றாள் சசிரேகா. "அவுரு வாயில சாப்பாடு கீது."